ஆம்ப் பார்க்க வந்தவர்

கடைக்குள் அவர் காலை எடுத்து வைத்ததும் பேச்சு நின்றுவிடும். இருபத்தெட்டு வருடமாக அப்படித்தான். எடையளவு ஆய்வாளர் வேலை. பழம் நிறுத்துக்கொண்டிருந்த கை அப்படியே நிற்கும், கல்லாவில் இருப்பவர் எழுந்துகொள்வார், உள்ளே யாரோ யாருக்கோ ஜாடை காட்டுவார். இவர் தோல் பெட்டியைத் திறந்து, கை படாமல் துணியால் பிடித்து, பித்தளை எடைக்கற்களை ஒவ்வொன்றாகத் தராசில் வைப்பார். எண் சரியாக வந்தால் முத்திரை, வராவிட்டால் நோட்டீஸ். எதுவானாலும் அவர் படியிறங்கிய பிறகுதான் கடைக்கு மூச்சு வரும். கடைத்தெருவில் அவருக்குத் தராசு சார் என்று பெயர். யாரிடமும் கை நீட்டி ஒரு காசு வாங்கியதில்லை. வாங்குகிறவராக இருந்திருந்தால்கூட நாலு பேர் அவரோடு சிரித்துப் பேசியிருப்பார்கள்.

வீட்டிலும் ஆள் இல்லை. மகளுக்குக் குழந்தை பிறந்தபோது, மூன்று மாதம் இருந்துவிட்டு வருகிறேன் என்று மனைவி ரயிலேறினாள். இரண்டு வருடம் ஓடிவிட்டது. முதலில் குழந்தையைக் குளிப்பாட்ட ஆள் இல்லை. பிறகு மகள் வேலைக்குத் திரும்பினாள். பிறகு குழந்தைக்கு அடிக்கடி சளி. சொன்ன காரணம் ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. எப்போது வருவாய் என்று அவர் ஒரு தடவையும் கேட்கவில்லை. கேட்டால் சமையலுக்கு ஆள் கேட்கிற மாதிரி ஆகிவிடுமோ என்று கூச்சம். தினமும் சாயங்காலம் போன் வரும். குழந்தைக்குப் பல் முளைத்தது, மாப்பிள்ளைக்கு முதுகுவலி, நீங்க சாப்பிட்டீங்களா. சாப்பிட்டேன். சரி, வச்சிடறேன்.

ஒரு நாள் போர்வை தேடி அலமாரியின் மேலே கையை விட்டபோது மகளின் கிட்டார் அகப்பட்டது. கல்லூரியில் ஒரு வருடம் கற்றுக்கொண்டு, பிறகு மறந்துபோன எலெக்ட்ரிக் கிட்டார். தூசு தட்டி, கணினியில் ஒருவர் சொல்லிக்கொடுப்பதைப் பார்த்து மூன்று விரல்பிடிகளைப் படித்துக்கொண்டார். சத்தத்தைப் பெருக்குகிற பெட்டி, அதாவது ஆம்ப், இல்லாமல் அது கொசு பாடுகிற மாதிரிக் கேட்டது. ஆம்ப் தேட ஆரம்பித்தது அப்படித்தான்.

தேடியதில் விஷயம் புரிந்தது. பழைய ஆம்ப்களில் இரண்டு ஜாதி. அந்தக் கால ரேடியோ மாதிரிக் கண்ணாடி வால்வு வைத்தவற்றின் விலையைப் பார்த்தால் தலை சுற்றும். அதேபோல நாற்பது வருடம் பழசான டிரான்சிஸ்டர் ஆம்ப்களை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. சத்தத்தில் ஈரமே இல்லை, கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுக்கும், அவ்வளவுதான் என்று வாசிக்கிறவர்கள் மூக்கைச் சுளித்து எழுதியிருந்தார்கள். கொடுத்ததை அப்படியே திருப்பிக் கொடுப்பது தராசு சாருக்குக் குறையாகப் படவில்லை. தன் கைக்கு எட்டுகிற விலையில் இருந்ததும் அதுதான். பழைய சாமான் வாங்கவும் விற்கவும் போனில் ஒரு குழு இருந்தது. அதில் சேர்ந்தார். முகத்தைக் காட்ட வெட்கப்பட்டு, தன் படத்துக்குப் பதிலாக ஒரு எடைக்கல்லின் படத்தைப் போட்டுக்கொண்டார்.

முதலில் போனது கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற ஒருவரிடம். அவருடைய அலுவலகத்தின் பின்னால், தேய்ந்த டயர்களுக்கும் போக்குவரத்துச் சின்னங்கள் வரைந்த பலகைக்கும் நடுவே அந்த ஆம்ப் கிடந்தது.

"ஆம்ப் பார்க்க வந்தவரா? வாங்க சார், வாங்க. நிக்கிறீங்களே, உக்காருங்க" என்று அந்த மனிதர் தன் சட்டைக் கையாலேயே நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

தராசு சாருக்குச் சட்டென்று உட்காரத் தோன்றவில்லை. வேலையில் இருக்கும்போது யாரும் அவருக்கு நாற்காலி போட்டதில்லை. போட்டாலும் அவர் உட்கார மாட்டார்; உட்கார்ந்தால் ஏதோ எதிர்பார்க்கிறார் என்று பேச்சு வரும். இங்கே உட்கார்ந்தார். தேநீர் வந்தது. ஆம்ப் யாருடையது, எப்படி வந்தது என்று ஆரம்பித்த பேச்சு, பிரேக்குக்குப் பதிலாக ஆக்சிலேட்டரை மிதித்துத் தபால் பெட்டியைச் சாய்த்த ஒரு டாக்டரம்மாவின் கதைக்குப் போய், அங்கிருந்து இருவருடைய ரத்த அழுத்தத்துக்கு வந்தது. வால்யூம் திருகைத் திருப்பினால் கரகரவென்றது.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்தபோது ஒன்றரை மணி நேரம் போயிருந்தது. பஸ்ஸில் திரும்பும்போது தொண்டை லேசாக வலித்தது. சளி பிடிக்கிறதோ என்று பார்த்தார். சளி இல்லை. பேசியதால் வந்த வலி.

அடுத்த சனிக்கிழமை இன்னொரு வீடு. அதற்கடுத்த சனிக்கிழமை இரண்டு வீடு. போகப் போக ஆம்ப்பைப் பார்க்கிற விதமும் பிடிபட்டது. முதலில் மின்கம்பி நைந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பின்பக்கம் முகர்ந்தால் எரிந்த வாடை இருக்கக் கூடாது. எதையும் செருகாமல் சுவிட்சைப் போட்டுவிட்டுக் காதைக் கிட்டே வைத்தால் மெல்லிய இரைச்சல் இருக்கலாம், உறுமல் இருக்கக் கூடாது. ஸ்பீக்கர் காகிதத்தில் கீறல் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். பார்த்துப் பார்த்து நல்லது கெட்டது தெரிந்துவிட்டது. வாங்கியிருக்கலாம், நாலைந்து நல்லதாகவே வந்தன. ஆனால் வாங்கிவிட்டால் அடுத்த சனிக்கிழமைக்கு எங்கே போவது? இதை அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதில்லை. இதற்குக் கொஞ்சம் உறுமல், அதற்குக் கைப்பிடி இல்லை என்று ஏதாவது ஒரு நொட்டை சொல்லிக்கொண்டார். ஒரு பஸ் டிரைவர் வீட்டில் ஆம்ப்பின்மேல் மீன்தொட்டி வைத்திருந்தார்கள். ஆம்ப்பைப் பார்க்கத் தொட்டியை இறக்க வேண்டும், தொட்டியை இறக்கத் தண்ணீரை மொண்டு எடுக்க வேண்டும். டிரைவரும் இவரும் முழங்கை வரை நனைந்து, ஏழு மீன்களையும் வாளிக்கு மாற்றிய மத்தியானத்தை நினைத்து இரண்டு நாள் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தார். அதையும் வாங்கவில்லை.

அப்புறம்தான் சலவைக்கடை.

நாலு துவைக்கிற இயந்திரங்களும் ஒரு பெரிய இஸ்திரி மேசையும் உள்ள கடை. நடத்துகிற அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதிருக்கும். கை இஸ்திரியிலும், கண் வாடிக்கையாளர் சீட்டிலும், வாய் பேச்சிலுமாக மூன்று வேலையை ஒரே நேரத்தில் பார்ப்பார். பின்னறையில் அண்ணன் விட்டுப்போன ஆம்ப். அண்ணன் ஒரு ஹோட்டலில் வாசித்துக்கொண்டிருந்தவர்; வெளிநாட்டுக்குப் போய்ப் பதினோரு வருடம்.

"தூக்கிப் போட்டுடுன்னுதான் சொல்றான் சார். எனக்குத்தான் மனசு வரல. யாராவது வாசிக்கிறவங்க கைக்குப் போனா நல்லாயிருக்கும்னு விளம்பரம் போட்டேன். நீங்க வாசிப்பீங்கல்ல?"

"மூணு பிடி தெரியும்."

"எனக்கு அதுவும் தெரியாதே!" என்று அவர் சிரித்தார். இஸ்திரியிலிருந்து ஆவி புஸ்ஸென்று எழுந்தது.

ஆம்ப்பில் ஒரு குறையும் இல்லை. பின்னால் வாடையில்லை, உறுமலில்லை, திருகுகள் வெண்ணெய் மாதிரித் திரும்பின. சொல்ல ஒரு நொட்டையும் கிடைக்காமல், "அடுத்த வாரம் கிட்டார் கொண்டுவந்து செருகிப் பார்க்கறேன்" என்றார். அடுத்த வாரம் கிட்டாரை மறந்துவிட்டு வந்தார். அதற்கடுத்த வாரம் கிட்டார் இருந்தது, செருகுகிற கம்பி இல்லை. இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டிருந்தார்கள். அதில் உட்கார்ந்து சட்டைப் பொத்தான்களை மாட்டிக்கொடுத்தபடியே பேசினார். மகளைப் பற்றி, மனைவியைப் பற்றி, மனைவி வைத்துவிட்டுப் போன மூக்குக்கண்ணாடியை இன்னும் துடைத்து வைப்பதைப் பற்றிக்கூட. நாலாவது சனிக்கிழமை கிளம்பும்போது அந்த அம்மா கேட்டார்:

"சார், மாசக் கடைசியில துணி காய வைக்கிற பெரிய டிரையர் வருது. பின்னறையைக் காலி பண்ணணும். ஸ்கூல் டீச்சர் ஒருத்தரும் ஆம்ப் கேட்டிருக்கார். உங்களுக்கு வேணுமா, வேணாமா?"

"வேணும், வேணும். எனக்காக வையுங்க. வேற யாருக்கும் குடுத்துடாதீங்க" என்று வாய் முந்திக்கொண்டது.

சொன்னார், ஆனால் அடுத்த சனிக்கிழமை போகவில்லை. அந்த வாரம் உடம்பு சரியில்லை என்று தன்னிடமே சொல்லிக்கொண்டார். ஆம்ப்பை எடுத்து வந்துவிட்டால் அந்த ஸ்டூலில் உட்கார இனி என்ன சாக்கு என்பதுதான் உண்மை.

புதன்கிழமை மத்தியானம், அலுவலகத்தில் டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு போன் திரையைத் தள்ளியபோது, குழுவில் சலவைக்கடை அம்மா போட்டிருந்த செய்தி கண்ணில் பட்டது.

"ஆம்ப் விக்கிறவங்க கவனத்துக்கு. எடைக்கல் படம் வச்ச ஒருத்தர் வருவார். அம்பது வயசுக்கு மேல, மரியாதையான ஆள், திருட்டு கிருட்டு எதுவும் இல்ல. ஆனா வாங்க மாட்டார். எனக்காக வையுங்கன்னார். அவரை நம்பி வண்டியோட வந்த ஒரு ஆளைத் திருப்பி அனுப்பிட்டேன். நீங்களும் ஏமாறாதீங்க."

கீழே பதினேழு பதில்கள்.

"நம்ம வீட்டுக்கும் வந்தார். ரெண்டு மணி நேரம்."

"எங்க வீட்டுல மூணாவது டீ வரைக்கும் நகரல."

"யோசிச்சுச் சொல்றேன்னு சொன்னாரா? அதே ஆள்தான்!"

"யோசிச்சுச் சொல்றேன் சார்னு பேர் வச்சிடலாம்."

அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். கடைசியில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், "நல்லாப் பேசினாருப்பா, விடுங்க" என்று எழுதியிருந்தார். மற்றதையெல்லாம் தாங்கிக்கொண்ட மனது அந்த ஒரு வரியில் உடைந்துபோனது. எதிர் மேசைக் குமாஸ்தா நிமிர்ந்து பார்த்தார். எல்லோருக்கும் தெரிந்துவிட்ட மாதிரி தராசு சார் டப்பாவை மூடிப் பைக்குள் வைத்தார். ஆயுளுக்கும் அடுத்தவர் தராசில் குற்றம் கண்டுபிடித்தவர். தான் இத்தனை பேருடைய பொழுதை வாங்கிக்கொண்டு எடை குறைத்துக் கொடுத்திருக்கிறோம் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. குழுவைவிட்டு வெளியேறிவிடலாமா என்று விரல் பொத்தான்வரை போனது. வெளியேறவில்லை. கீழே எழுதினார்: "அது நான்தான். தப்புதான். எல்லாரும் மன்னிச்சுக்கணும்." அனுப்பிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

மறுநாள் அரை நாள் விடுப்புச் சொல்லிவிட்டு, வாடகைக்கு ஒரு சின்ன வண்டி பிடித்துச் சலவைக்கடைக்குப் போனார். டிரையர் வந்துவிட்டிருந்தது. அறை காலியாகாததால், பிளாஸ்டிக் சுற்றிய ஆளுயரப் பெட்டி நடைபாதையிலேயே நின்றது. போகிறவர் வருகிறவர் அதைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

அந்த அம்மா இஸ்திரியை வைக்காமலே பார்த்தார்.

"வாங்க" என்றார். உட்காருங்க என்று சொல்லவில்லை. ஸ்டூலின்மேல் துணி மூட்டை இருந்தது.

"ஆம்ப்பை எடுத்துட்டுப் போக வந்தேன்மா. வண்டி நிக்குது."

"ஊர் சிரிச்சிடுச்சுன்னு வாங்கறீங்களா?"

"இல்ல. முதல் நாளே வாங்கியிருக்கணும்."

"அப்ப ஏன் வாங்கல? விலை அதிகம்னா சொல்லியிருந்தா குறைச்சிருப்பேனே. பிடிக்கலைன்னா பிடிக்கலன்னு ஒரு வார்த்தை. நாலு வாரம் சார்! அந்த டீச்சர்கிட்ட எவ்ளோ கடுமையாப் பேசினேன் தெரியுமா, வேற ஒருத்தருக்குச் சொல்லியாச்சு, போங்கன்னு."

தராசு சார் வாசலில் நின்றபடியே பேசினார். அவர் பார்வை துவைக்கிற இயந்திரத்தின் வட்டக் கண்ணாடிக்குள் சுற்றுகிற துணிமேல் இருந்தது.

"என் வேலையில நான் எங்க போனாலும் யாரும் உக்காருங்கன்னு சொல்ல மாட்டாங்க. சொல்லவும் கூடாது. வீட்டுல பேச்சுத்துணைக்கு ஆள் இல்ல. ஆம்ப் பார்க்கப் போனா எல்லாரும் நாற்காலி போட்டாங்க. அதான் போயிட்டே இருந்தேன்."

இஸ்திரி கொஞ்ச நேரம் ஒரே இடத்தில் நின்றது. துணி பொசுங்கிவிடப்போகிறது என்று தோன்றிய சமயத்தில் அந்த அம்மா அதை நிமிர்த்தி வைத்தார்.

"அதை வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்ல?"

"எப்படிம்மா சொல்றது? கொஞ்ச நேரம் பேசிட்டுப் போறேன், எனக்கு ஆள் இல்லன்னா?"

அந்த அம்மா தேய்த்த துணியை மடித்து வைத்தார். "நான் எழுதினது தப்புன்னு சொல்ல மாட்டேன்" என்றார். "ஆனா பேர் வச்சது நான் இல்ல. அதைப் படிச்சப்ப எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு."

பின்னறைக்குப் போய் இருவரும் ஆம்ப்பை இழுத்தார்கள். தூக்கியதுமே பத்தொன்பது கிலோவுக்கு ஒரு பிடி குறைவு என்று கை சொன்னது. கேட்ட விலையைக் கொடுத்தார். ஆம்ப் இருந்த இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக, சதுரமாக இருந்தது. அந்த அம்மா அதையே ஒரு நிமிடம் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மத்த சாமானும் எடுத்து வைக்கட்டுமா?" என்று கேட்டார் தராசு சார்.

"வேணாம் சார். ஆளுங்க வர்றாங்க. துணி கிணி இருந்தா கொண்டாந்து போடுங்க. நல்லாத் தேய்ச்சுக் குடுப்போம்."

மற்ற வாடிக்கையாளர்களிடம் சொல்கிற அதே குரல். கோபம் தீர்ந்துவிட்டது, பழைய பேச்சும் தீர்ந்துவிட்டது என்று அவருக்குப் புரிந்தது. வண்டியில் ஏறிக்கொண்டார்.

வீட்டில் சாப்பாட்டு மேசையை நகர்த்தி ஆம்ப்புக்கு இடம் செய்தார். செருகினார். மெல்லிய இரைச்சல், சமையலறையில் யாரோ தண்ணீர்க் குழாயைச் சரியாக மூடாத மாதிரி. முதல் பிடியைப் பிடித்து அடித்ததும் திடுக்கிட்டுப் போனார். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. கொசு பாடியதெல்லாம் போய், அறை முழுக்க அடர்த்தியாக ஒரு சத்தம் நின்றது. நடு விரல் சரியாக அழுத்தாததும் அப்படியே கேட்டது. மறைக்கவே இல்லை. மூன்று பிடிகளையும் மாற்றி மாற்றி வாசித்தார். இதை யாரிடமாவது உடனே காட்ட வேண்டும் போலிருந்தது. மனைவியின் போன் வருகிற நேரம்வரை காத்திருக்க முடியாமல் தானே கூப்பிட்டார். போனை மேசையில் வைத்துவிட்டு வாசித்தார்.

"என்னங்க அது சத்தம்? டிவியைக் கொஞ்சம் குறைங்க, ஒண்ணும் கேக்கல" என்றாள் மனைவி.

"டிவி இல்ல. நான்தான்."

"நீங்களா?"

"நம்ம பாப்பாவோட காலேஜ் கிட்டார். ஆம்ப் ஒண்ணு வாங்கினேன்."

"இந்த வயசுலயா?" அவள் சிரித்தாள். கேலியான சிரிப்பு இல்லை. வெகுநாள் கழித்துக் கேட்கிற சிரிப்பு. அந்தத் தைரியத்தில்தான் இரண்டு வருடமாக நாக்கு நுனியில் இருந்ததைக் கேட்டார்.

"நீ எப்ப வருவே?"

அந்தப் பக்கம் குழந்தை எதையோ தட்டிக்கொண்டிருந்தது. யாரோ கதவைச் சாத்தினார்கள்.

"எப்படிச் சொல்றதுன்னு நானே நினைச்சுட்டிருந்தேங்க" என்றாள். "இங்க பக்கத்துல ஒரு நூலகத்துல காலை வேளைக்கு மட்டும் வேலை கிடைச்சிருக்கு. புத்தகம் அடுக்குற வேலைதான். அஞ்சு மாசமாப் போறேன். எனக்குன்னு நாலு சிநேகிதிங்க இருக்காங்க. நாள் போறதே தெரியல. இப்போதைக்கு நான் வரலைங்க."

"அஞ்சு மாசமா?"

"நீங்க கேக்கவே இல்லையே. கேட்டா சொல்லலாம்னு இருந்தேன். உங்க மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்ல."

"தெரியும்."

"நீங்களும் இங்க வந்துடலாமேன்னு பாப்பா சொல்லிட்டே இருக்கா. உங்களுக்குத்தான் வேலை இன்னும் நாலு வருஷம் இருக்கே."

"ஆமா. நாலு வருஷம் இருக்கு."

"சாப்பிட்டீங்களா?"

"சாப்பிட்டேன்" என்றார். சாப்பிடவில்லை. போனை வைத்த பிறகு கொஞ்ச நேரம் கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார். அழுகை வரும் என்று நினைத்தார், வரவில்லை. அவள் நூலகத்தில் என்ன நிறச் சேலை கட்டிக்கொண்டு போகிறாள், யாரோடு நடந்து வருகிறாள் என்று யோசித்துப் பார்த்தார். ஒன்றும் மனக்கண்ணில் வரவில்லை. பிறகு எழுந்து வால்யூம் திருகை இன்னும் கொஞ்சம் ஏற்றி, விட்ட இடத்திலிருந்து வாசித்தார்.

கால் மணி நேரத்தில் கதவு தட்டுகிற சத்தம். இந்த இரண்டு வருடத்தில் மீட்டர் பார்க்கிறவரைத் தவிர அந்தக் கதவை யாரும் தட்டியதில்லை. ஓடிப்போய்த் திறந்தார். கீழ்வீட்டுக்காரர், மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர், படியில் நின்றிருந்தார்.

"வாங்க, வாங்க! உள்ள வாங்க. உக்காருங்க, டீ போடறேன்" என்று தராசு சார் நாற்காலியைத் துண்டால் துடைத்தார்.

"இல்ல சார், இருக்கட்டும்." அவர் வாசலைத் தாண்டவில்லை. "சத்தம் கொஞ்சம்… கீழ மேஜை மேல டம்ளர் ஆடுது. வீட்டுல என்னன்னு பார்த்துட்டு வாங்கன்னாங்க."

"அடடா. மன்னிச்சுக்குங்க. புதுசா வாங்கினது. என்ன பாட்டுன்னு தெரிஞ்சுதா?"

"பாட்டா சார்?" என்று கேட்டுவிட்டு, கேட்டிருக்கக் கூடாதோ என்று அவர் காதைச் சொறிந்தார். எதிரில் நிற்பவரின் முகத்தில் என்ன கண்டாரோ, சட்டென்று குரலை இறக்கினார். "வேணாம்னு சொல்லல சார். சனிக்கிழமை பத்து மணியிலேருந்து ஒரு மணி வரைக்கும் நாங்க ரெண்டு பேருமே கடையில இருப்போம். எதிர் வீட்டிலயும் ஆள் இருக்காது. அப்ப எவ்ளோ வேணா வாசிங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

"யாரும் இருக்க மாட்டீங்க."

"ஆமா சார், ஒருத்தரும் இருக்க மாட்டோம்" என்று அவர் நல்லெண்ணத்தோடு உறுதி சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

தராசு சார் ஆம்ப்பை அணைத்தார். அதன்பிறகு சனிக்கிழமை வரை அதைத் தொடவில்லை. வெள்ளிக்கிழமை கடைத்தெருவில் ஆறு கடை பார்த்தார், ஆறும் சரியாக இருந்தன, ஆறுக்கும் முத்திரை போட்டார். சனிக்கிழமை காலை குளித்து, சலவைச் சட்டையொன்றை எடுத்து மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். போகவேண்டிய வீடு எதுவும் இல்லை. நாலாவது விரல்பிடி ஒன்று புதிதாகப் பார்த்து வைத்திருந்தார். ஆள்காட்டி விரலை ஆறு கம்பிக்கும் குறுக்கே படுக்கவைத்து அழுத்துகிற பிடி. வலித்தது, சத்தமும் சரியாக வரவில்லை. பத்து மணிக்குக் கீழே கதவு பூட்டுகிற சத்தமும், இரண்டு பேர் பேசிக்கொண்டே தெருவில் நடக்கிற சத்தமும் கேட்டன. பேச்சு தேய்ந்து மறைகிறவரை பொறுத்திருந்துவிட்டு ஆம்ப்பைப் போட்டார். கட்டடத்தில் ஒருத்தரும் இல்லை. திருகை ஐந்துக்கு வைத்து, அந்த நாலாவது பிடியை மறுபடி அழுத்தினார்.